குப்பத்தில் கச்சேரி! கம்பெனி பணம் வேண்டாம்!

சென்னை பெசன்ட் நகர் கடலோரம் ஊரூர்-ஆல்காட் குப்பம். கச்சேரி என்றால் சபாதான் என்ற வழக்கத்தை உடைத்து, 2015-ல் இங்கே விழா எடுத்தார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன், குப்பத்து ஜனங்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள். அடுத்தடுத்த விழாக்களில் சங்கீதம், கூத்து, பறை எல்லாமே மேடை ஏறின. டிக்கெட் கிடையாது!

செலவுக்குப் பணம்? தனி ஆட்கள் தந்த நன்கொடைதான். கம்பெனி விளம்பரம் வேண்டாம் என்று விட்டார்கள். சரியான முடிவு! பின்னே, 2017-ல் இதே கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்தில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' என்ன சொல்கிறது? நீர்வழியை ஆலைகள் வளைத்துக்கொண்டால் ஊருக்குள் வெள்ளம்தான் என்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரிகிற பாட்டு. ஆலைக்காரரிடமே கை நீட்டிவிட்டு இதைப் பாட முடியுமா?

குப்பத்தில் தொடங்கிய விழாவுக்குப் பின்னால் 'சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது.