ஒளியிழை இணைப்பில் சொந்த ரௌட்டர்

பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை அடுத்த பழைய வீடுகள் போன்றவற்றில், இணையக் கம்பெனி வைத்த பெட்டியின் வைஃபை அலை தடித்த சுவர்களைக் கடந்து பின்கட்டை எட்டுவது அரிது. எஸ்.பி. ரோடு கடைகளில் வேறு ரௌட்டர் வாங்கிப் பழைய பெட்டியை அகற்றிவிடலாமே என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் அப்பெட்டிக்கு இரண்டு பணிகள் உண்டு. இழை வழியே 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றி, மறுமொழியை 1310 நானோமீட்டரில் அனுப்புவது ஒன்று. ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்வதால், ஒவ்வொரு பெட்டியும் நிலையம் குறித்த கணத்தில் மட்டுமே ஒளி வீசுதல் வேண்டும். அதன் வரிசை எண்ணும் அங்கே பதிவாகியிருக்கும். சாதாரண ரௌட்டரால் இது ஆகாது. வந்த தகவலை வீட்டுக் கருவிகளுக்குப் பங்கிடுவது மற்றொன்று. இப்பணியை மட்டுமே புதிய ரௌட்டரிடம் ஒப்படைக்கலாம்.

அதற்குக் கம்பெனியிடம் சொல்லிப் பெட்டியைப் ‘பிரிட்ஜ்’ நிலையில் வைக்கச் செய்து, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரௌட்டரில் பதிய வேண்டும். அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுமுன் ரீசெட் பொத்தானைத் தொடுவது வீண் வம்பு. தொலைபேசியும் அப்பெட்டியிலிருந்தே வருமாயின், மாற்றத்தின்பின் அது இயங்குமா என்பதையும் விசாரித்தல் நலம். கட்டடம் வரை மட்டும் இழையும், வீட்டுக்குள் ஈதர்நெட் கம்பியும் வரும் இணைப்புகளில் ஒளிப்பெட்டி வீட்டில் இராது. அங்கு ரௌட்டரை நேரே மாற்றிக்கொள்ளலாம். எனினும், புதியதையும் பழைய மூலையிலேயே வைத்தால் பின்கட்டுக்கு அதிகப் பயன் இராது.