கழிபொருளும் கலைப்பொருளாகும்

இல்லத்தை அழகுசெய்யப் பெரும்பொருள் வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. கடைகளிலே கண்ணைக் கவரும் பொருள்களைக் கண்டு ஏங்குவோர், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒருகணமும் நோக்குவதில்லை. கிழிந்த சேலை, வெற்றுப் போத்தல், தகரப்பேணி, சிரட்டை ஆகிய யாவற்றுக்கும் நாம் சூட்டியுள்ள பெயர் குப்பை என்பதே.

மாத்தளை மக்களுக்கு இது புதிய பாடமன்று. 19ஆம் நூற்றாண்டிலே மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் இங்கு வந்த தோட்டத் தொழிலாளர் கொணர்ந்தவை தலைச்சுமையளவே. அவர்தம் வழித்தோன்றல்களின் கையிலே தேயிலைப் பெட்டி அலுமாரியாயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் பூச்சாடியாயிற்று. பழைய நாட்காட்டிப் படம் லயக் காம்பராவின் சுவரை அலங்கரித்தது. வறுமை செய்வித்த செயலாயினும், அழகுணர்ச்சியும் அதிலே கலந்திருந்தது.

எளிய பொருளுக்கு மதிப்பளிப்பது கைத்திறனே. மாத்தளையை அடுத்த ஹபுவித கிராமத்தார் அரக்கை மெல்லிய இழையாக்கி, விரல் நகத்தாலேயே மரப்பொருள்கள்மீது கோலமிடுகின்றனர். அலுவிகாரையிலே ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) கிராமத்துப் பெண்களைப் பத்திக், தையற்கலைகளிலே தேர்ச்சியுறச் செய்தார். வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் ‘காந்தா’ என்னும் விரிப்பாக்கினர். சண்டிகாரிலே நேக் சந்த் என்பவர் உடைந்த வளையல்களையும் பீங்கான் ஓடுகளையும் கொண்டு அமைத்த பூங்கா, 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நாமும் செய்யத்தக்கவை பல. பழைய பருத்திச் சேலையை இரண்டு அங்குல அகலமுள்ள நாடாக்களாகக் கிழித்து, மூன்றைச் சேர்த்துச் சடைபோலப் பின்னுக. அச்சடையைச் சுருளாகச் சுற்றி, தடித்த நூலால் சுற்றோடு சுற்று சேர்த்துத் தைத்தால் வண்ணக் கால்மிதி ஆயத்தம். சிரட்டையின் நாரைச் சுரண்டி, மண்கடதாசியால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினால் கருமெருகு ஏறும். உறியிலிட்டுத் தொங்கவிட்டால் அழகிய செடிச்சட்டியாகும். பேணியின் கூரிய விளிம்பை மடித்துத் தட்டி, எஞ்சிய துணியைச் சுற்றி ஒட்டினால் மாணவரின் மேசைக்கு எழுதுகோற் கூடு கிடைக்கும்.

ஒன்றை மறத்தல் ஆகாது. சிரட்டையாயினும் பேணியாயினும், செடி நடுமுன் அடியிலே துளையிடுதல் வேண்டும். தேங்கிய சிறிதளவு நீரிலும் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அந்நோய் பீடித்தது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு தினத்தன்றே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அம்மேட்டிலே குவிந்து கிடந்தவை வீடுகள்தோறும் வேண்டாமென எறியப்பட்டவையே அல்லவா?

ஆயினும், என்றோ உதவுமென எண்ணி எல்லாவற்றையும் சேர்த்துவைத்தல் சிக்கனமாகாது. அது குப்பையைக் கொல்லையிலிருந்து கூடத்துக்குக் கொணர்வதாகும். செய்யக் கருதியதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை முறைப்படி அகற்றுதலே நன்று. வரும் விடுமுறையிலே மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பொருளையேனும் தம் கையால் செய்து வீட்டில் வைப்பாராக. விலை கொடுத்து வாங்கிய பொருளினும், அதனைக் காணும் பெற்றோர் உள்ளம் பெரிதும் மகிழும்.