மிதக்கும் மீன் தீவனம்: சொந்தமாகத் தயாரித்தால் கட்டுப்படியாகுமா?

மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. மிதக்கும் குருணைத் தீவனம் போட்டால் மீன்கள் மேலே வந்து தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். மிஞ்சியது உடனே தெரிந்துவிடும். குளத்தின் அடியில் கிடந்து அழுகாது. ஆனால் கடையில் விற்கும் விலைதான் சிறு பண்ணையாளர்களை மலைக்க வைக்கிறது. மாவு மில்லில் அரைத்து, இடியாப்பம் போலப் பிழிந்து காயவைத்தால் போதாதா என்று பலர் கேட்கின்றனர்.

போதாது. அப்படிப் பிழிந்த தீவனம் மூழ்கிவிடும். தீவனம் மிதப்பதற்குக் காரணம் அதிலுள்ள சத்து அல்ல. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். எக்ஸ்ட்ரூடர் என்னும் இயந்திரத்தில், ஈரமான மாவு திருகாணி போன்ற தண்டினால் நெருக்கித் தள்ளப்படுகிறது. அங்கு 120 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மாப்பொருள் வெந்து பசையாகிறது. மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால் அதிலுள்ள நீர் கொதித்து வெளியேற முடிவதில்லை. துளை வழியே வெளியே வந்ததும் நீர் சட்டென்று ஆவியாகி, அரிசி பொரிவதுபோல் குருணை உப்பிவிடுகிறது. அதனால் 2 மி.மீ. துளையில் வரும் குருணை 3 மி.மீ. வரை பருக்கலாம்.

இதற்குக் கலவையில் மாப்பொருள் தாராளமாக இருக்க வேண்டும். மக்காச்சோள மாவும், சேலம் பகுதியில் எளிதில் கிடைக்கும் மரவள்ளிக் கிழங்கு மாவும் இதற்கு ஏற்றவை. எண்ணெய் அதிகமானால் மாவு வழுக்கிக்கொண்டு ஓடும், குருணை உப்பாது. மீன் எண்ணெய் சேர்ப்பதானால் குருணை காய்ந்தபின் மேலே தெளித்துக் கொள்ளலாம்.

திலேப்பியாவுக்கு 100 கிலோ தீவனம் தயாரிக்க மீன் தூள் 15 கிலோ, எண்ணெய் நீக்கிய சோயாப் புண்ணாக்கு 25, கடலைப் புண்ணாக்கு 15, மக்காச்சோள மாவு 20, எண்ணெய் நீக்கிய தவிடு 13, மரவள்ளி மாவு 10, தாது உப்பு மற்றும் வைட்டமின் கலவை 2 கிலோ எடுத்துக் கொள்ளலாம். இதில் புரதம் 28 சதத்தை ஒட்டி இருக்கும். விரால், கொடுவா போன்ற ஊன் உண்ணும் மீன்களுக்கு இது போதாது. எல்லாவற்றையும் நைசாக அரைத்துச் சலித்து, ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும்படி நீர் தெளித்துப் பிசிற வேண்டும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அதிலுள்ள நச்சு இயந்திரத்தின் சூட்டிலும் முழுவதும் அழியாது.

இந்தக் கலவையில் விலை கூடியது மீன் தூள். சென்னையில் கே.கே. நகர், மயிலாப்பூர், அடையாறு என்று எந்தப் பகுதி மீன் கடையிலும் தலை, குடல், முள் அன்றாடம் வீணாகிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987ல் தொடங்கப்பட்டது. இத்தகைய மீன் கழிவிலிருந்து 'பிளாங்க்டன் பிளஸ்' என்னும் பொருளைத் தயாரிக்கும் முறையை அது உருவாக்கியுள்ளது. மீன் தூளுக்காகக் கழிவை வாங்குவோர், அன்றைக்கே நன்றாக வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கெட்டுவிடும். கடல் மீன் கழிவே நல்லது. வளர்க்கும் இனத்தின் கழிவை அதே இனத்துக்குக் கொடுத்தால் நோய் பரவ இடமுண்டு.

இனி இயந்திரத்தின் கணக்குக்கு வருவோம். மணிக்கு 40 கிலோ தரும் சிறு இயந்திரத்துக்குச் சுமார் 10 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் இதை ஓட்டக் கூடாது. தனி இணைப்பு பெற வேண்டும். 1 டன் திலேப்பியா பிடிக்க ஏறத்தாழ 1½ டன் தீவனம் செலவாகும் என்று கொள்வோம். இந்த இயந்திரம் அதை 38 மணி நேரத்தில் தயாரித்துவிடும். அதாவது ஐந்து நாள் வேலை! மற்ற நாளெல்லாம் இயந்திரம் சும்மா நிற்க, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். எட்டுப் பத்துப் பண்ணையாளர்கள் சேர்ந்து வாங்கி, முறை வைத்து ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். ஒரு குளத்தை மட்டும் நம்பி இதில் இறங்குவது சரியல்ல.

கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போர் இந்தச் செலவே செய்ய வேண்டியதில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, துளையிட்ட சாக்கில் கட்டிக் குளத்தில் தொங்கவிட்டால் மீன்கள் வேண்டியதைத் தின்னும். இடியாப்பம் போலப் பிழிந்த தீவனமும் வீணல்ல. கலவையை முன்னதாக ஆவியில் வேகவைத்துப் பிழிந்து உலர்த்தினால் நீரில் சீக்கிரம் கரையாது. அதைத் தட்டில் வைத்து நீருக்குள் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மிஞ்சியிருந்தால் மறுநாள் அளவைக் குறைக்கலாம். திலேப்பியா வளர்க்க விரும்புவோர் முதலில் மீன்வளத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும்.

இயந்திரத்தில் தயாரித்த தீவனத்தை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். 100 குருணைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைய மூழ்கியிருந்தால் மாவில் ஈரத்தையும் இயந்திரத்தின் சூட்டையும் சரிபார்க்க வேண்டும். குருணையை ஈரம் 10 சதத்துக்கு மேல் போகாதபடி உலர்த்தி, நன்றாக ஆறியபின் சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாள் தேவைக்கு மேல் தயாரித்து வைக்க வேண்டாம்.