கணக்கு வராத ஆயர்

1852இல் பிலடெல்பியாவுக்குப் புது ஆயர் வந்தபோது, நகரத்து வசதிபடைத்த கத்தோலிக்கர் சிலர் முகம் சுளித்தார்கள். ஆள் குள்ளம், ஐந்தடிக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். பேசும் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை. பெயர் ஜான் நியூமன். இங்கிலாந்துக் கர்தினால் நியூமன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொஹீமியாவில் 1811இல் பிறந்தவர். குருமடப் படிப்பை முடித்தும் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அங்கே குருக்கள் தேவைக்கு மேல் இருந்தார்கள். 1836இல் ஏறக்குறைய வெறுங்கையோடு நியூயார்க்கில் கப்பலிறங்கினார். அங்கேயோ சுமார் 2 லட்சம் கத்தோலிக்கருக்கு 36 குருக்கள். அவ்வூர் ஆயர் துபுவாவும் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறியவர்தான். சில வாரங்களிலேயே பட்டம் கொடுத்து, நயாகரா பக்கத்துக் காட்டுக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார். நியூமன் பின்னர் ரிடெம்ப்டரிஸ்ட் சபைத் துறவியாகி, 1848இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

அவர் ஆயராக வந்த ஊர் லேசுப்பட்டதல்ல. 1844 கலவரத்தில், குடியேறிகளை வெறுத்த கும்பல் இரண்டு கத்தோலிக்கக் கோவில்களைக் கொளுத்தியது. பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்பதில் மூண்ட தகராறும் அதற்கு ஒரு காரணம். நியூமன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, பங்குதோறும் பள்ளி திறக்கவைத்து, எல்லாவற்றையும் மறைமாவட்ட அளவில் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தார். அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி. இத்தாலியருக்குத் தனிப் பங்கு அமைத்தார். ஆங்கிலம் தெரியாத ஐரிஷ்காரர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதற்காகவே கேலிக் மொழியைக் கற்றுக்கொண்டார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்த ஒரு கிழவி, 'நமக்கு ஐரிஷ் ஆயர் கிடைத்துவிட்டார்' என்று பூரித்துப்போனாளாம்.

நனைந்த பூட்ஸை மாற்றிக்கொள்ளச் சொன்னவரிடம், இடதை வலதுகாலில் போட்டுக்கொண்டால்தான் உண்டு என்றாராம். இருந்ததே ஒரு ஜோடி. இப்படிப்பட்டவருக்குக் கடனும் கட்டுமானக் கணக்கும் பாரமாகாமல் என்ன செய்யும்? என்னைச் சின்ன மறைமாவட்டத்துக்கு மாற்றுங்கள் என்று ரோமுக்கு அவரே எழுதினார். ரோம் மாற்றவில்லை, 1857இல் ஜேம்ஸ் வுட் என்பவரைத் துணைக்கு அனுப்பியது. வங்கியில் வேலை பார்த்த மனிதர். என்னைக் கேட்டால், அது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

1860 ஜனவரி 5 அன்று, ஒரு குருவுக்கு அனுப்பிய பூசைப் பாத்திரம் போய்ச் சேரவில்லையே என்று விசாரிக்கக் கிளம்பியவர், தெருவில் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 48. புனிதர் பட்டம் 1977இல் வந்தது. நகரத்துப் பேராலயத்தை வுட் 1864இல் கட்டி முடித்தார். நியூமனின் உடல் அங்கே இல்லை. ஜெர்மன் குடியேறிகள் எழுப்பிய புனித பேதுரு கோவிலில் இருக்கிறது.