செருப்புக்குப் பல் உண்டா?

"அம்மா... புதுச் செருப்பு கடிச்சிருச்சும்மா!"

ஒரு முறையாவது இப்படிச் சொல்லாத குட்டீஸ் யாராவது இருக்கீங்களா? நாய் கடிக்கும், எறும்பு கடிக்கும். பல்லே இல்லாத செருப்பு எப்படிக் கடிக்கிறது?

தை மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியமாகிவிடும். தைப்பூசத்துக்காகக் காரைக்குடிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பழனிக்குச் சாரை சாரையாக நடந்து போவார்கள். திண்டுக்கல்லில் இருந்து மட்டும் கணக்குப் போட்டாலே சுமார் 60 கி.மீ.! ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி போகிற சாலைகளிலும் இதே காட்சிதான். அப்பா, அம்மாவோடு உங்களைப் போன்ற வாண்டுகளும் நடக்கிறார்கள். நல்ல தெம்போடு கிளம்பியவர்களைக்கூட பாதி வழியில் உட்கார வைத்துவிடுவது, ஒரு ரூபாய்க் காசு அளவுக் கொப்புளம்.

"கொப்புளம்தானே... தானா ஆறிடும்" என்கிறீர்களா? பெரும்பாலும் ஆறிவிடும்தான். ஆறாமல் போன ஒரு கதையும் இருக்கிறது.

1924-ம் ஆண்டு ஜூன் 30. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கால்வின் கூலிட்ஜின் இளைய மகன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அண்ணனோடு டென்னிஸ் விளையாடினான். அவன் பெயரும் கால்வின்தான். வயது 16. காலில் ஷூ இருந்தது, சாக்ஸ் இல்லை. வலது கால் விரல் ஒன்றில் சின்னதாக ஒரு கொப்புளம் வந்தது. அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சல் ஏறியது. நாட்டின் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். ஜூலை 7-ம் தேதி அவன் இறந்துவிட்டான். ஒரே வாரம்! கிருமியைக் கொல்லும் பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்தது அதற்கு 4 வருடம் கழித்து, 1928-ல்தான்.

பயந்துவிடாதீர்கள். இன்றைக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் காலில் வரும் சின்னப் புண்ணை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதை.

சரி, செருப்பு கடிக்கிற ரகசியத்துக்கு வருவோம். இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். வலது கை ஆள்காட்டி விரல் நுனியை இடது புறங்கை மேல் அழுத்தி வையுங்கள். விரலை எடுக்காமல், வழுக்கவும் விடாமல், முன்னும் பின்னும் அசையுங்கள். என்ன நடக்கிறது? தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. உள்ளே இருக்கும் எலும்பு மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது, இல்லையா?

நடக்கும்போது இது தலைகீழாக நடக்கிறது. வியர்வையில் நனைந்த தோல், சாக்ஸோடும் செருப்போடும் ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கிறது. உள்ளே இருக்கும் எலும்பு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் போய் வருகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது யார்? தோலின் அடுக்குகள்தான்! ஆயிரக்கணக்கான தடவை இப்படி இழுபட்டால், மேலே கிழியாமலே உள்ளே ஓர் அடுக்கு பிரிந்துவிடும். அந்த இடைவெளியில் நீர் வந்து நிறையும். அதுதான் கொப்புளம். ஆக, கடி விழுவது வெளியே இல்லை, உள்ளே! தோல் தடிமனாக இருக்கும் இடத்தில்தான் இப்படிக் கொப்பளிக்கும். அதனால்தான் உள்ளங்காலிலும், குதிகாலிலும், கிரிக்கெட் மட்டை பிடிக்கும் உள்ளங்கையிலும் கொப்புளம் வருகிறது. மெல்லிய தோலாக இருந்தால் வெறுமனே சிராய்த்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு விஷயம். நன்றாகக் காய்ந்த தோல் அவ்வளவாக ஒட்டாது. சொட்டச் சொட்ட நனைந்தாலும் வழுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, பிசுபிசு என்று ஈரமாக இருக்கும்போதுதான் தோல் மிக அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் ஷூவுக்குள் இருக்கும் கால் அந்த நிலையில்தான் இருக்கும்!

அதனால் நெடுந்தூரம் நடக்கப் போகிறவர்கள் பருத்தி சாக்ஸை நம்பக்கூடாது. சட்டைக்குப் பருத்தி அருமைதான். சாக்ஸில் அது வியர்வையைக் குடித்துவிட்டு ஊறிக்கொண்டே இருக்கும். வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை நூல் சாக்ஸ்தான் இதற்குச் சரி. பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும். உட்காரும் இடத்தில் எல்லாம் ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம். பண்டிகைக்குப் புதுசு போடலாம், பயணத்துக்குப் பழசுதான் தோழன். ஒரு மாதம் முன்பே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகினால் தோலும் மெல்ல மெல்லத் தடித்துத் தயாராகிவிடும்.

சிலர் காலில் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவிக்கொள்வார்கள். கிளம்பிய கொஞ்ச நேரம் நன்றாக வழுக்கும். மணிக்கணக்கில் ஆனால் தோல் ஊறி, முன்னைவிட அதிகமாகப் பிடிக்க ஆரம்பித்துவிடும். தடவுவதாக இருந்தால் அவ்வப்போது துடைத்துவிட்டுத் திரும்பத் தடவ வேண்டும்.

இதையெல்லாம்விட மலிவான ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை ஒட்டுவார்களே, அந்தப் பேப்பர் டேப்! 2014-ல், 250 கி.மீ. தூர பாலைவன ஓட்டப் பந்தயங்களில் 128 பேரின் கால்களில் இதை ஒட்டிச் சோதித்தார்கள். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பெரிய பெரிய கிரீம்களைத் தேடி அலைகிறோம், பாருங்கள்!

டேப்பை எப்போது ஒட்டுவது? வழக்கமாகக் கடிபடும் இடம் தெரிந்தால் கிளம்பும் முன்பே. இல்லாவிட்டால், ஓர் இடத்தில் மட்டும் 'சுருக் சுருக்' என்று சூடாகத் தெரியுமே, அந்த நிமிடமே! இங்கேதான் குட்டீஸ் எல்லாரும் ஒரு தப்புச் செய்கிறீர்கள். "நின்னா கூட்டம் முன்னாடி போயிடும், அப்பா திட்டுவார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். அப்போது நின்றால் 5 நிமிடம்தான் போகும். கொப்பளித்த பிறகு நின்றால் பயணமே நின்றுவிடும்.

நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு நடப்பவர்களைச் செருப்பு கடிக்காது, ஆனால் தார்ச் சாலை சுட்டுவிடும். சூட்டினாலும் கொப்புளம் வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உச்சி வெயிலில் மரத்தடியில் படுத்துவிட்டு, விடியற்காலையிலும் இரவிலும் நடப்பார்கள்.

அத்தனையும் செய்து கொப்புளம் வந்தேவிட்டதா? உடைக்காதீர்கள். மேலே இருக்கும் தோல்தான் அதற்குச் சிறந்த கட்டு. ஒரு நாளிலேயே உள்ளே புதுச் செல்கள் மும்முரமாகப் பிரியத் தொடங்கிவிடும். 5 நாளில் அடியில் புதுத் தோல் வந்துவிடும். ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு வைப்பது, காபித்தூள் அப்புவது எல்லாம் கிருமிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்டுங்கள். சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்களுக்கு வலித்தால் நீங்கள் கத்துவீர்கள். சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி கத்த மாட்டார்கள். பலருக்குக் காலில் உணர்ச்சி மரத்துப் போயிருக்கும். கொப்புளம் உடைந்து புண்ணானாலும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கலாமா என்று அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பையில் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தங்கும் இடத்தில், தாத்தா படுத்ததும் இரண்டு உள்ளங்காலிலும் வெளிச்சம் அடித்து, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடாதீர்கள்!