ஓடும் படத்தைப் பெரிதாக்குவது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்புபவர்களுக்கு ஒரு கேள்வி எழும். இன்றே பறித்துவிடுவதா, இரண்டு நாள் பொறுப்பதா? இதற்காக இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணைய தளத்திற்குச் சென்றால், மேகங்கள் நகர்வதைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களை அனிமேஷனாகப் பார்க்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதைப் பார்த்ததும், "படம் சின்னதாக இருக்கிறதே, பெரிதாக்க முடியாதா?" என்று கேட்பார்கள். முடியும். வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி மிக எளிது. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு பிளஸ் கீயைத் தட்டவும். ஒவ்வொரு தட்டலுக்கும் பக்கம் முழுவதும் பெரிதாகும். மைனஸ் கீ சிறிதாக்கும். பழைய அளவிற்குத் திரும்ப கண்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்தவும். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் வீலைச் சுழற்றினாலும் இதே பலன் கிடைக்கும். குரோம் பிரவுசரில் 25 முதல் 500 சதவீதம் வரை செல்லலாம். ஒரு தளத்தில் நீங்கள் வைத்த அளவைப் பிரவுசர் நினைவில் வைத்து, அடுத்த முறையும் அப்படியே காட்டும்.

பயர்பாக்ஸில் எழுத்து மட்டும் பெரிதாகி, படம் அப்படியே இருக்கிறதா? ஆல்ட் கீயை அழுத்தினால் மெனு வரிசை தோன்றும். அதில் வியூ, ஸூம் எனச் சென்று, 'ஸூம் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதன் முன் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும்.

படம் மட்டும் போதும் என்றால், அதன் மீது ரைட் கிளிக் செய்து 'ஓபன் இமேஜ் இன் நியூ டேப்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். படம் தனியே திறக்கும். அது திரையை விடப் பெரியது என்றால், முதலில் திரைக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டப்படும்; ஒரு முறை கிளிக் செய்தால் அதன் உண்மை அளவு கிடைக்கும். எப்11 கீயை அழுத்தினால் பிரவுசர் திரை முழுவதையும் எடுத்துக் கொள்ளும். மீண்டும் அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். யூடியூப் வீடியோ என்றால் எப் என்ற எழுத்து போதும்.

இப்போது முக்கியமான விஷயம். இத்தகைய அனிமேஷன்கள் பெரும்பாலும் ஜிப் வகை பைல்கள். 1987ல் அறிமுகமான இந்த வகைப் படம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான புள்ளிகளால் ஆனது. நீங்கள் 300 சதவீதம் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். புதிய புள்ளி ஒன்றுகூடச் சேராது. 2016ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளின் வெப்ப அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 4 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பைக் குறிக்கிறது. எனவே எவ்வளவு பெரிதாக்கினாலும், மேகம் உங்கள் தோட்டத்தின் மேலா, பக்கத்து ஊரின் மேலா என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. மேகக் கூட்டம் பழனி மலையை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதைப் பார்ப்பதற்கே இந்தப் படம். அத்துடன் அதே துறை தரும் திண்டுக்கல் மாவட்ட எச்சரிக்கையையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடுகளையும் வளைவுகளையும் கணக்கிட்டு வரையும் படங்களும் உண்டு. பிளாஷ் அனிமேஷன்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கவில்லை. ரைட் கிளிக் செய்தாலே 'ஸூம் இன்' என்ற வசதியும் கிடைத்தது. பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ல் நிறுத்தியது. எனவே, "இதைப் பார்க்கப் பிளாஷ் பிளேயர் டவுண்லோட் செய்யுங்கள்" என்று இன்று ஏதேனும் தளம் கேட்டால் கிளிக் செய்ய வேண்டாம். அது வைரஸ் புரோகிராமாக இருக்கலாம். இப்போது எஸ்விஜி வகைப் படங்கள் அதே போலத் தெளிவாகப் பெரிதாகின்றன. அவற்றிற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

எந்த வழிக்கும் ஒரு படம் கட்டுப்படவில்லையா? விண்டோஸ் கீயுடன் பிளஸ் கீயை அழுத்துங்கள். விண்டோஸில் உள்ள மேக்னிபயர் திறந்து திரையையே பெரிதாக்கும். விண்டோஸ் கீயுடன் எஸ்கேப் கீயை அழுத்தினால் அது மூடிக் கொள்ளும்.