ஒன்றேகால் சதவீதமும் ரெண்டு வட்டியும்

வெளியில் பணம் புரட்டும்போது கொங்கு நாட்டில் சதவீதப் பேச்சு வராது. ‘ரெண்டு வட்டி’ என்பார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். மும்பையிலோ 2025-ல் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை நான்கு முறை குறைத்து, 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறக்கியது. அந்த ஒன்றேகால் சதவீதம் ஆனைமலையில் யார் வீட்டுக்கு வந்து சேரும்?

தேங்காய் மட்டையை நாராக்கும் ஆலைக்காரருக்கு வரும். சிறுதொழிலுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள், 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். பத்து லட்சம் பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 12,500 ரூபாய் மிச்சம்.

வெள்ளை ஈயோடும் வாடல் நோயோடும் மல்லுக்கட்டும் தோப்புக்காரருக்கு இது பெரிய சேதி அல்ல. பயிர்க்கடன் வட்டி அரசின் கையில் இருக்கிறது. வங்கியில் மூன்று லட்சம் வரை 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 4. கூட்டுறவு சங்கத்தில் கெடு தவறாதவருக்கு வட்டியே கிடையாது, மாநில அரசு ஏற்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியபோதும் இந்தக் கணக்கு அசையவில்லை.

ஆனால், பயிர்க்கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். ஆழியாற்றுப் பாசன வயலை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவர் எதைக் காட்டுவார்?

வட்டியைச் சட்டம் போட்டு இறக்கிவிட்டால் எல்லோருக்கும் கடன் கிடைத்துவிடுமா? கென்யா 2016-ல் அதைச் செய்து பார்த்தது. மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதம்தான் வாங்கலாம் என்று வரம்பு கட்டியது. வங்கிகள் சிறு வியாபாரிகளுக்குக் கொடுப்பதைக் குறைத்து, அரசுக் கடன் பத்திரங்களின் பக்கம் சாய்ந்தன. 2019 நவம்பரில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல்காரரின் பைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிட்டா இல்லாதவருக்கு மிஞ்சுவது நகைக்கடன். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியது. எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சவரன் விலை முடிவு செய்கிறது. அடகில் இருக்கும் செயினையே மறுபடி மதிப்பிடச் சொல்லி, விலை ஏறிய அளவுக்குக் கூடுதல் பணம் வாங்கி நாற்று நட்டவர்களும் உண்டு.